மாத்தறை வரை ஒரு தடவை

குளிர்நாட்டுக்கென்று செய்த கார் கொழும்பு வெயிலைத் தாங்காது என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். என் கணவரின் அக்கா அப்படிச் சொன்னார். மெல்போர்னில் இருக்கும் எங்கள் மகளும் அப்படித்தான் சொன்னாள். வாகனங்களைப் பற்றி எதுவுமே தெரியாத நானும் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டேன். என் கணவர் ஒருவர்தான் நம்பவில்லை. "ஜப்பானிலையும் கோடை வாறது" என்று சொல்லிவிட்டு, திறந்த பொனற்றுக்குள் மறுபடியும் குனிந்துகொள்வார்.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, வெள்ளவத்தையில் காலி வீதி பழையபடி நெரியத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அதன் முன்புறத்தை அந்தக் கார் முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கும். கரும்பச்சை நிறம், இரண்டே கதவுகள், தரையோடு தாழ்ந்த உடம்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில் நடந்துதான் வாசற்படிக்கு வரவேண்டும். உப்புக்காற்று அதைத் தின்றுவிடும் என்று ஞாயிறுதோறும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பார். கசங்கிய சட்டையோடு அவர் வேலைக்குப் போன நாட்கள் உண்டு. காரைத் துடைக்காமல் விட்ட ஞாயிறு எனக்கு நினைவில்லை.

துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளின் சேதத்தைப் பார்த்து மதிப்பிடுவது அவருடைய தொழில். மகள் பிறந்த வருடம், கொச்சிக்கடைப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் ஓரத்தில் நின்ற அந்தக் காரைக் கண்டு, நாட்டை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கப்பல் பொறியியலாளரிடமிருந்து வாங்கிவந்தார். வேகத்துக்காகவே செய்யப்பட்ட வண்டி. ஆனால் அது யுத்த காலம். பொலிஸ் பதிவும் அடையாள அட்டையுமாக நாங்கள் நடமாடிய காலம். அப்படியொரு காரில் வரும் தமிழ் இளைஞனை எந்தச் சோதனைச் சாவடியும் சும்மா போகவிடாது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்வருவதற்குள் திரும்பத் திரும்ப இறங்கி, பின்பெட்டியைத் திறந்து காட்டி, அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் திரும்பிவந்தவர் உறையைப் போட்டுக் காரை மூடினார். பிறகு அவ்வப்போது இயந்திரத்தை இயக்கிவிட்டு, அதன் உறுமலைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது. தெற்கே அதிவேக வீதி வந்தது. காரைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், முழுக்கக் கழற்றிப் பூட்டி, புதிதுபோல் எடுத்துவந்தார். அதன் பிறகுதான் அது கொதிக்கத் தொடங்கியது. ஓடக்கூடிய வயதில் அதற்கு வீதி இருக்கவில்லை. வீதி கிடைத்தபோது அதன் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி வரை நல்லபடியாக வரும். கோட்டையைத் தாண்டும்போது வெப்பம் காட்டும் முள் சட்டென்று மேலே துள்ளும். காரணமில்லாமல் இறங்கும். மறுபடி துள்ளும். சிறிது தூரத்தில் பொனற்றின் ஓரங்களால் ஆவி வரத் தொடங்கும். வீதியோரத்தில் நிறுத்தி, அது ஆறும் வரை நாங்கள் இருவரும் ஏதாவது கடை நிழலில் நிற்போம். எத்தனையோ கலியாணங்களுக்கு இப்படித்தான் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

ரேடியேற்றரை மாற்றினார்கள். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை மாற்றினார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காத ஒரு குழாயை மகள் தன் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னர் சில நாட்கள் அவர் முகம் தெளிந்திருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அதிவேக வீதியில், இடையில் ஆற விடாமல், மாத்தறை வரை ஒரு தடவை ஓட்டிப்போக வேண்டும். மாத்தறையில் எங்களுக்கு யாருமில்லை. போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் போதும் என்பார்.

அந்த வருடத் தொடக்கத்தில், ஒழுங்கையில் காரை எடுத்தபோது, இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரனை அவர் காணாமல் இடித்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது, தண்ணீர்க் குவளையை எடுக்க அவர் தலையை முழுதாகத் திருப்பியதை நான் கவனித்தேன். கண் வைத்தியர் வெகுநேரம் சோதித்தார். இரு கண்களிலும் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது, இடப்பக்கம் கூடுதலாக. போனது திரும்பாது, மீதியை மருந்தால் கொஞ்சக் காலம் காக்கலாம் என்றார். இப்போதைக்குப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, கவனமாக ஓட்டலாம். ஆடி மாதத்து ஆடிவேல் திருவிழா முடிந்ததும் மறுபடி சோதிக்க வேண்டும். அதன் பிறகு பெரும்பாலும் சாவியை வைத்துவிட வேண்டியிருக்கும் என்று, கூடுமானவரை மென்மையாகவே சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இது ஒருவருக்கும் தெரியவேண்டாம். அக்காவுக்கு, மகளுக்கு, முக்கியமாகக் கொட்டாஞ்சேனைக்கு.

கொட்டாஞ்சேனை என்று அவர் சொன்னது தன் பள்ளித்தோழரை. அங்கே கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நண்பர். நான் அவரை, அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல், நானா என்று அழைப்பேன். காரைக் கழற்றிப் பூட்டியவர் அவர்தான். இருவரும் கதைப்பதை முதன்முறை கேட்பவர்கள் பரம விரோதிகள் என்று எண்ணிக்கொள்வார்கள். "இந்தத் தகரத்தக் கடல்ல தள்ளுடா, மீனாவது குடியிருக்கும்" என்பார் நானா. "உன்ர கராஜுக்குள்ள விட்டாலும் கடல்ல விட்ட மாதிரித்தானே" என்பார் இவர். கண் விஷயம் தெரிந்தால் நானா காரின் சாவியைத் தரவே மாட்டார் என்று இவர் பயந்தார். கார் அப்போது அங்கேதான் நின்றது. பிழைப்புக்காக ஓடும் வான்களெல்லாம் முன்னுக்கு வர, எங்கள் கார் சுவரோரம் காத்துக் கிடந்தது. இவர் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் போய், பார்த்துவிட்டு வருவார்.

ஆனி மாதம் மெல்போர்னில் கடும் குளிர். ஒருநாள் மகள் வேலைக்குப் புறப்படுமுன் காருக்குள் இருந்தபடி எங்களைக் காணொளியில் அழைத்தாள். தலையில் கம்பளித் தொப்பி, வாயிலிருந்து புகை. "ஹீற்றர் குளிர்காத்துத்தானம்மா தள்ளுது. போன கிழமை எஞ்சினுக்குத் தண்ணி மாத்தினவங்கள். உள்ளுக்க காத்து அடைபட்டிட்டுதாம், எடுக்கவேணுமாம்" என்று அலுத்துக்கொண்டாள். அழைப்பு முடிந்தது. எனக்கு அந்தப் பேச்சில் விளங்காமல் நின்றது ஒன்று இருந்தது. கேட்டேன்: "இஞ்சாருங்கோ, எங்கட காரில ஹீற்றர் எங்க இருக்கு?"

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இருந்தது" என்றார். பிறகு, "கொட்டாஞ்சேனையில அவன் கழட்டிப் பூட்டேக்க அடைச்சுப்போட்டான்" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். காரின் ஹீற்றர் தனியாக எரிகிற அடுப்பு ஒன்றுமில்லை. இயந்திரத்தைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர், முன் இருக்கைகளுக்கு எதிரே மறைந்திருக்கும் ஒரு சின்ன ரேடியேற்றருக்குள் போய்த் திரும்புகிறது. அந்தச் சூட்டைத்தான் குளிர்நாட்டவர் அனுபவிக்கிறார்கள். பழைய கார்களில் அந்தப் பகுதி ஒழுகிக் கம்பளத்தை நனைக்கும். கொழும்பில் ஹீற்றரைத் தேடுவார் யார்? அதனால் இங்குள்ள கராஜ்களில் இரண்டு குழாய்களையும் அடைத்துவிடுவது வழக்கம். அநேகமான வாகனங்களுக்கு அதனால் ஒரு கேடும் வருவதில்லை. ஆனால் எங்கள் காரில் தண்ணீர் போகும் வழிகளிலே எல்லாவற்றிலும் உயரமானது அந்த வழிதான். உள்ளே அகப்பட்ட காற்று ஏறி வெளியேறுவதும் அதனூடாகத்தான். வழியை மூடினால் காற்று இயந்திரத்துக்குள்ளேயே தங்கிவிடும்; காற்று தங்கிய இடத்தைத் தண்ணீர் தொடாது. முள் காரணமின்றித் துள்ளியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். கொழும்பு வெயில் அதற்கு ஒத்துவராது என்றல்லவா நாங்கள் இருந்தோம். கொழும்புக்கு வேண்டாம் என்று நாங்களே அடைத்ததைத்தான் அந்தக் கார் அத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் இருண்டிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு முன்னால் நானா அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். கொழும்பில் ஹீற்றர் கேட்கிறான், நாளைக்கு ஸ்வெட்டரும் கேட்பான் என்றிருக்கிறார். தான் அடைத்த எந்த வண்டியும் இன்றுவரை கொதிக்கவில்லை என்றும், முன்பக்கம் முழுவதையும் பிரித்தால் மறுபடி பூட்ட ஒரு மாதமாகும் என்றும், கையிலிருக்கும் வேலைகள் முடியட்டும், அவசரமில்லை, ஆறுதலாகப் பார்ப்போம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆறுதலாகப் பார்க்க எங்களுக்குக் காலம் இல்லை. அதைச் சொல்லவும் இவரால் முடியாது. அன்று பின்னேரம் அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். ரயில் பாதையைக் கடக்குமுன் அவர் இடப்பக்கமும் வலப்பக்கமும் உடம்போடு திரும்பிப் பார்த்ததை ஒழுங்கை முனையிலிருந்து நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

நானா ஒரு வானுக்கு அடியில் கிடந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்து, கையைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் ஒருமுறை துடைத்துப் போட்டார். பால் விடாத பிளேன்ரீ ஒன்று கொண்டுவரச் சொன்னார். நான் சுற்றிவளைக்கவில்லை. வைத்தியர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தன் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செல்லல்லியே" என்றார் கடைசியில். "ஸ்கூல்ல அவன்ட ரிப்போட்ட அவன்ட வாப்பா பாக்க முந்தி நான் பாத்தவன். எனக்குச் செல்லல்ல."

பிறகு, வேறு குரலில் கேட்டார்: "அவன் ஓட்டலாமா தங்கச்சி? உண்மையச் செல்லுங்க. எனக்கு அந்தக் காரவிட அவன் பெருசு."

பகலில், பக்கத்தில் ஆளோடு, ஆடிவேல் வரைக்கும் ஓட்டலாம் என்று வைத்தியர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். நானே அவரிடம் இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டதையும் சொன்னேன். நானா சுவரோரம் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். அப்படியென்றால் தானும் வருவேன், பின்சீட்டில் என்றார். அந்தப் பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட நிமிர்ந்து இருக்க முடியாது. நானாவோ நல்ல பருமன். அதைச் சொன்னேன். "மடிஞ்சி ஈக்கிறன்" என்றார்.

தனக்குத் தெரியும் என்பது என் கணவருக்குத் தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த இரகசியம் ஒருநாள்கூடத் தங்கவில்லை. அடுத்த நாள் கராஜுக்குப் போய்வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே என்னைப் பார்த்து, "ஏன் அவனுக்குச் சொன்னனீர்?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவன் இண்டைக்கு என்னை ஒருக்காலும் ஏசேல்லை. கதிரை எடுத்துப் போட்டவன்" என்றார். கோபம் இருக்கவில்லை. களைத்துப்போனவர் சுமையை இறக்கி வைத்ததுபோல் இருந்தார்.

வான்கள் வெளியே நின்றன. நானா எங்கள் காரை நடுவே கொண்டுவந்து, முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டார். ஒழுகிய அந்தச் சின்ன ரேடியேற்றரை எடுத்துப் பஞ்சிகாவத்தையில் பற்றவைத்து வந்தார்கள். அடைப்புகளைக் கழற்றியபோது குழாய்களின் வாயிலிருந்து செங்கல் நிறத்தில் துருக்கறள் கொட்டியது. எல்லாவற்றையும் பூட்டியபின், காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்துவைத்து, மெல்ல மெல்லத் தண்ணீரை ஊற்றினார்கள். கிணற்றில் குடத்தை அமுக்கினால் வருமே, அப்படியொரு சத்தத்தோடு காற்று குமிழ் குமிழாக வந்தது. நிற்கும், மறுபடி வரும். நண்பர்கள் இருவரும் இரு பக்கமும் குனிந்து நின்றார்கள். கடைசியில் குமிழ்கள் ஓய்ந்தன. நானா மூடியைப் பூட்டிவிட்டு, "இவ்வளவு காத்தையும் நீதான்டா வாயால ஊதி வெச்சீக்கிறாய்" என்றார். இவர் சிரித்தார். நானா மறுபடியும் ஏசத் தொடங்கிவிட்டார் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

புறப்பட்ட அன்று நல்ல வெயில். நானா தண்ணீர்க் கலன்களோடும் திருகுச் சாவிகளோடும் பின்னால் மடிந்து ஏறினார்; பிஸ்மில்லாஹ் சொன்னார். நான் இடப்பக்கத்து முன் இருக்கையில். கொட்டாவையில் அதிவேக வீதிக்குள் ஏறுமுன் என் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். முன்னுக்குப் பார்த்தபடியே, "இஞ்சாரும், இடப்பக்கத்தை நீர் பாரும். ஏதும் வந்தால் சொல்லும். நான் வடிவாக் கேப்பன்" என்றார்.

முப்பது வருடத்துக்கும் மேலாக அவரோடு வாழ்ந்திருக்கிறேன். ஒருமுறையும் அவர் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அவர் பறக்கவில்லை. அனுமதித்த வேகத்தைத் தாண்டாமல், அதே சீராக ஓட்டினார். இறப்பர்த் தோட்டங்கள் போயின, வயல்கள் போயின, குன்றை வெட்டிய செம்மண் சுவர்கள் இருபுறமும் எழுந்து தாழ்ந்தன. நான் இடப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்: ஒரு லொறி, இப்ப ஒருவரும் இல்லை, ஒரு வெள்ளை வான் உள்ளுக்கு வருது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னார். நானா எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டி முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவில் நின்றது. துள்ளவே இல்லை. இயந்திரத்தின் ஒலி ஒரு நிலைக்கு வந்தபோது என் கணவர் தோள்களைத் தளர்த்திக்கொண்டதை நான் உணர்ந்தேன். இளைஞராக அவர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த வயதில் பார்த்திருக்க வேண்டியது.

மாத்தறையில் கடலைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்தோம். கடைக்காரரோடு நானா சிங்களத்தில் காரின் பெருமையைக் கதைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று என்று இரண்டு தேத்தண்ணீர் குடித்தார்.

திரும்பி வரும்போது அதிவேக வீதியைவிட்டு இறங்கும் வரை ஒரு குறையுமில்லை. நுகேகொடையை நெருங்க வாகனங்கள் நெரிந்து நின்றன. அங்கேதான் முள் அசைந்தது. முன்புபோல் துள்ளவில்லை, நிதானமாக ஏறியது. விசிறி சுழலும் சத்தம் கேட்கவில்லை என்றார் நானா. ஏதோ வயர் விட்டுவிட்டது, நிறுத்து என்றார். நிறுத்த இடமில்லை. நாலாபுறமும் பஸ்ஸும் ஓட்டோவும்.

"ஹீற்றரைப் போடும்" என்றார் என் கணவர். "முழுக்க."

அந்தக் காரில் அதுவரை நான் தொட்டிராத ஹீற்றர்ப் பிடியை வலப்பக்கம் தள்ளினேன். பல வருடத்துத் தூசி மணத்தோடு நெருப்புப்போன்ற காற்று காலடியிலிருந்து எழுந்தது. கண்ணாடிகளை இறக்கினோம். வெளியே கொழும்பின் மத்தியான வெயில், உள்ளே இயந்திரத்தின் கொதிப்பு முழுவதும். சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்காதபடி நான் என் முந்தானையால் ஒற்றிக்கொண்டே, இடப்பக்கத்தையும் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து நானா, "கொழும்புல ஹீற்றர் போட்டுட்டுப் போறம். ஊருக்குத் தெரிஞ்சா என்ட கராஜ மூடணும்" என்றார். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியாது. பக்கத்து பஸ்ஸின் கொண்டக்டர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். முள் மெல்ல இறங்கியது. அந்தச் சூட்டையெல்லாம் நாங்கள் மூவரும் எங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தை வரை வந்தோம். ஆவி வரவில்லை. எங்கும் நிற்கவில்லை.

வாசலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என் கணவர் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். பிறகு சாவியை உருவிப் பின்னால் நீட்டினார். "ஓட்டுற ஆளாப் பாத்துக் குடு மச்சான். சும்மா நிப்பாட்டி வைக்கிறவனுக்குக் குடாத" என்றார். நானா அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆடிவேல் கழிந்து வைத்தியர் சொன்னது நாங்கள் எதிர்பார்த்ததுதான். அக்காவுக்கும் மகளுக்கும் அவரே சொன்னார். கார் ஹெந்தளையில் ஒருவரிடம் போனது; ஹீற்றரை அடைக்கக்கூடாது என்று நானா கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தாராம். எங்கள் வீட்டு முன்புறம் திடீரென்று அகலமாகிவிட்டது. அதன் பிறகு நாங்கள் ஓட்டோவில் போய்வந்தோம். போகும் வழியெல்லாம் நான் வெளியே தெரிவதைச் சொல்லிக்கொண்டு போவேன். கேட்காமலே சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வருவார். அதுவும் நீண்ட காலம் நடக்கவில்லை. ஒரு மார்கழிக் காலையில், கண்ணுக்குச் சம்பந்தமில்லாமல், இதயம் நின்று போனார்.

நுகேகொடை நெரிசலில் அந்தக் கார் கொதித்த அரைமணி நேரத்தைத்தான் நான் இன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நினைத்து ஏங்குகிறேன். நல்ல காற்றும் நல்ல வீதியும் கிடைத்த நேரங்கள் எங்களுக்கும் வேண்டிய அளவு இருந்தன. ஆனால் ஒருவரின் சூட்டை மற்றவர்கள் பங்கிட்டு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீடுவரை வந்துசேர்வதுதான் கூடிவாழ்வது என்பதை அன்று என் உடம்பு அறிந்துகொண்டது. மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அக்கா அவருக்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார். நானா வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து வந்து, சீனி இல்லாத தேத்தண்ணீர் ஒன்று குடித்துவிட்டுப் போவார். வெள்ளவத்தை வீட்டில் நான் இருக்கிறேன்.